பிரேமினி உள்ளே போகாத நாள்

1
இந்தக் கதை எனக்குத் தலவாக்கலை பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் ஒரு பெண் இருமிக்கொண்டே போனில் பேசினாள். "நான் வந்தா அவங்களுக்கு ஒட்டிக்கும்க்கா. வரலன்னா அவங்க ஈரத்துலயே கெடப்பாங்க. நீங்களே சொல்லுங்க." அந்த அக்கா என்ன சொன்னார் என்று தெரியாது. என் இடம் வந்து நான் இறங்கிவிட்டேன். மீதி எல்லாம் கற்பனை.

2
அவளுக்குப் பிரேமினி என்று பெயர் வைத்தேன். வட்டகொடைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. கூட வேலை செய்கிற இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பொறுப்பாளர் ஜெயலெட்சுமி ஒற்றை ஆளாகக் கிடந்து மாய்கிறார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காய்ச்சலைப் பொருட்படுத்தாமல், கடமையே கண்ணாகப் பிரேமினி—'

(அடித்துவிட்டேன். நோயோடு வருகிறவளைப் பாராட்டியே பழகிவிட்டோம். போன மழைக்கு யாரோ இருமலோடு வேலைக்கு வந்தார்கள். ஓரக் கட்டில் வேலாயி அதற்குப் பிறகு எழும்பவில்லை. யாருடைய இருமல் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று தனக்கும் தொண்டை கரகரத்தது பிரேமினிக்கு மட்டும் ஞாபகம்.)

3
ஆகவே இப்படி மாற்றினேன்: அவள் போனாள். ஆனால் வாசலோடு நின்றுகொண்டாள்.

ஜெயலெட்சுமி கண் சிவந்து வெளியே வந்தார். "வாயத் துணியால கட்டிக்கிட்டு உள்ள வா. அம்மாக்கண்ணு என்னையத் தொடவே விடமாட்டேங்குது. நீதான் துணி மாத்தணுமாம்."

"வரமாட்டேங்க்கா."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?"

"போன்ல சொன்னா சாக்குன்னு நெனப்பீங்க."

ஜெயலெட்சுமி அப்படித்தான் நினைத்திருந்தார்.

அம்மாக்கண்ணின் கட்டில் ஜன்னலோரம். பிரேமினி கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னாள்: "அக்காவ மாத்தவிடுங்கம்மா. எனக்குக் காய்ச்சலு."

கிழவி வெகுநேரம் பார்த்தாள். "அப்ப போ" என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஜெயலெட்சுமி தொட்டபோது தடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பிரேமினி திரும்பி நடந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் பஸ் வரும்வரை அழுதாள்.

4
முடிவுகள் சில யோசித்தேன். அம்மாக்கண்ணு அந்த வாரமே செத்துப்போவது ஒன்று (எழுத லேசு, அதனால் வேண்டாம்). கட்டிப்பிடித்து மன்னிப்பது இன்னொன்று (அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை).

கடைசியில் என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். காய்ச்சல் விட்டுப் பிரேமினி வேலைக்கு வந்தாள்.

"யாரு நீ?" என்றாள் அம்மாக்கண்ணு.

கோபமா, மறதியா? எனக்குத் தெரியவில்லை. பிரேமினிக்கும் தெரியவில்லை. குனிந்து முதுகுக்கு அடியில் கை கொடுத்தாள். கிழவியின் கை தானாக எழும்பி அவள் கழுத்தை வளைத்துக்கொண்டது. அப்படியே, காதுக்குப் பக்கத்தில் மறுபடி கேட்டாள்: "யாரு?"

பதிலை எத்தனையோ விதமாக எழுதி அடித்துவிட்டேன். கழுத்தில் அந்தக் கையோடு பிரேமினி இன்னும் குனிந்தே நிற்கிறாள். என்ன சொல்லலாம் என்று நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள்.