பதினைந்து கிலோ கூடுதல்

கோவை பீளமேடு விமான நிலையத்தின் எடைமேடையில் வின்ஸ்டன் மரப்பெட்டியைத் தூக்கி வைத்தார். முப்பது கிலோ. உள்ளே பம்புக்கான மூன்று வார்ப்பு மாதிரிகள். டெல்லிக்காரர்கள் பார்த்துச் சரி சொன்னால்தான் மதுக்கரைப் பட்டறையில் அடுத்த வார்ப்பு.

எல்லோருக்கும் பதினைந்து கிலோதான் இலவசம். விமான நிறுவனத்தின் தங்க அட்டை இருந்தால் மேலும் பதினைந்து. வருடத்தில் நாற்பது முறை பறந்தால் அந்த அட்டை கிடைக்கும். தூரம் பார்க்கமாட்டார்கள், ஏறி இறங்கினால் ஒன்று. ஆகவே ஆறு வருடமாக வின்ஸ்டன் டெல்லிக்கு நேராகப் போனதே இல்லை. ஹைதராபாத்தில் இறங்கி, நான்கு மணி நேரம் உட்கார்ந்து, வேறு விமானம் ஏறுவார். மாதம் ஒரு பயணம். போக இரண்டு, வர இரண்டு. ஓர் ஈஸ்டர்கூட ஹைதராபாத் விமான நிலைய நாற்காலியில் கழிந்தது.

“பக்கத்துத் தெருவுக்கு காந்திபுரம் போயி பஸ் மாறுற ஆளுங்க நீங்க” என்பாள் மனைவி ஷைலா.

கவுன்ட்டரில் இருந்த நவ்யா திரையைப் பார்த்தாள்.

“சார், உங்க கார்டு சாதாரணமாயிருச்சுங்க. இந்த வருசத்துலிருந்து எத்தனை தடவை பறந்தீங்கன்னு பாக்கறதில்லைங்க. டிக்கெட்டுக்கு எவ்வளவு குடுத்தீங்கங்கறதுதானுங்க.”

மாறி ஏறும் டிக்கெட் மலிவு. நாற்பத்தெட்டு முறை பறந்தவர், நாலைந்து முறை விலை கூடிய முன்வரிசையில் போனவருக்குக் கீழே இறங்கிவிட்டார். அறிவிப்பு மின்னஞ்சலில் வந்ததாம், விளம்பரமென்று அழித்திருந்தார்.

முதலாளி கிருபாசங்கரை அழைத்துச் சொன்னார்.

“அந்தப் பதினஞ்சு கிலோவுக்குக் காசு கட்டறதுக்குப் பொட்டியக் கூரியர்ல போட்டுப்போட்டு வந்துருங்க வின்ஸ்டன்.”

“நாலு நாள் ஆகுமுங்க. எங்கெங்க லேத்துல கடையணும்னு நான் எடுத்துச் சொல்ல வேண்டாமுங்களா?”

“அத நம்ம பட்டறை சசிதர் வீடியோவுலயே காட்டிருவாருங்க. தப்பா நெனைக்காதீங்க, அந்தக் கார்டுக்காகத்தானுங்களே இத்தன வருசமா உங்கள அனுப்புனேன்?”

குரலில் துளி கடுமை இல்லை. டெல்லியில் தன் விளக்கத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று வின்ஸ்டன் இதுவரை நம்பியிருந்தார்.

“உங்களுக்கும் அலைச்சல் மிச்சமுங்க. நாளையிலிருந்து பேக்கிங் பக்கம் பாத்துக்குங்க.”

வின்ஸ்டன் போனைப் பையில் போட்டார்.

“டிக்கெட்டை ரத்து பண்ணிருங்கம்மா.”

“பண்ணிர்றேனுங்க சார். ஆனா இந்தப் பயணத்துக்குக் கார்டுல பாயிண்ட் ஏறாதுங்க” என்றாள் நவ்யா, அக்கறையாக.

அவர் பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் பின்னாலிருந்தவர் தன் பெட்டியை மேடையில் ஏற்றிவிட்டார்.