பின்னால் நின்றவர்

பதினைந்து வயதில் அவளுக்கு எந்நேரமும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும். திரும்பினால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டாள். சோறு தண்ணி இறங்கவில்லை. மனநல மருத்துவமனையில் ஏழு வாரம் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "பயம் வந்தா திரும்பிப் பாக்காதே. பத்து வரைக்கும் எண்ணு, போயிடும்." போய்விட்டது. ஒன்பது வருஷம் அப்படியே ஓட்டினாள்.

பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பாள். அவள் கைவேலையில் குறை சொல்ல முடியாது. சூப்பர்வைசர் தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கியவர். அவள் மாத்திரை விழுங்குவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்னம்மா?" என்றார். அந்தக் கடையில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்தே முதுகு குறுகுறுத்தது. எந்திரச் சத்தத்தில் காலடி கேட்காது. கழுத்தில் மூச்சுக்காற்று படுவது போல மட்டும் இருக்கும். பழசு திரும்புகிறது என்று ஆடிப்போய் அக்காவிடம் சொன்னாள்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறியா?"

"போடுறேன்க்கா."

"அப்ப டாக்டர்கிட்ட சொல்லி ஏத்திக்கலாம்."

ஏற்றினார்கள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பின்னால் மூச்சு. அவள் திரும்பவில்லை, எண்ண ஆரம்பித்தாள். ஆறாவது எண்ணில் ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. கதவு ஏற்கெனவே தாழிட்டிருந்தது.

எல்லாம் முடிந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சூப்பர்வைசர் சாவகாசமாகச் சொன்னார்: "போய்ச் சொல்லேன். இல்லாததெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியும்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அது நடந்ததா, தனக்குத் தோன்றியதா என்றே புரியாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அக்கா அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். விரல் தடம் நாலும் நீலம் பாரித்திருந்தது.

"இது யாரு?"

சொன்னாள். அக்கா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

காவல் நிலையத்தில் புகார் எழுதிய பெண் அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இவங்களுக்கு மனநல சிகிச்சை நடக்குதா?"

"நடக்குதும்மா," என்றாள் அக்கா. "யாரோ பின்னால நிக்கிறாங்கன்னு என்கிட்டதான் முதல்ல சொன்னா. நான் மாத்திரைய ஏத்த வச்சேன். அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார். பிறகு, அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் வேலை பார்த்தவளைத் தேடிப் பிடித்தார். நாலே மாதத்தில் வேலையை விட்டவள். அவளும் பள்ளிக்கூட வயதிலிருந்தே சிகிச்சையில் இருந்தவள். அவளிடமும் சூப்பர்வைசர் அக்கறையாகத்தான் விசாரித்திருந்தார். அவள் வாக்குமூலம் கொடுத்த அன்றே அவரைக் கைது செய்தார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் இரண்டு பெண்களும் நீதிமன்ற நடையில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஒரு தடவை இவள் கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தாங்க?"

"ஒரு பொண்ணுன்னு சொன்னாங்க. ரொம்ப பயந்த சுபாவமாம்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தார்கள்.