இரண்டு வார்த்தை

புக்கிட் செலம்பாவ் முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அன்சார், மேசைக்கு மேசை போய் "என்ன சாப்புடுறீங்க?" என்று கேட்டே முப்பது வருடத்தை ஓட்டியவர். பக்கவாதம் வந்த பிறகு அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவருக்குத் தூக்கம் வருகிறதா என்பதைக்கூட அவர் மனைவி கதீஜாவிடம்தான் டாக்டர் கேட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மோகனாதான் வழி சொன்னாள். "ரெண்டு வார்த்த போதும் அங்கிள். 'என்னைய கேளுங்க.' அத மட்டும் பழகுங்க."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து வாரம் பழகினார். எச்சில் வழிந்ததுதான் மிச்சம் என்று பல நாள் தோன்றியது.

அன்று கடையை விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஆள் பத்திரத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கையெழுத்து வராவிட்டால் என்ன, கைநாட்டு போதுமாம். மகன் இஸ்ஸத் அத்தாவின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினான். அன்சார் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னைய... கேளுங்க."

கதீஜா "அல்ஹம்துலில்லாஹ், பேசிட்டாரு" என்று அழுதாள். வந்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இஸ்ஸத் போனை எடுத்து நீட்டினான்.

"அத்தா, இன்னொரு தடவ சொல்லுங்க. அக்காவுக்கு அனுப்பணும்லா."

அவர் சொன்னார். இந்த முறை தெளிவாகவே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தட்டி ஓய்ந்ததும், அவர் விரலில் மை காய்ந்துபோயிருந்ததைப் பார்த்து, இஸ்ஸத் மைப்பெட்டியை மறுபடியும் திறந்தான்.