கழுத்தின் இரண்டாவது எலும்பு

ரியோஹெய் எழுந்து படுக்கையை மடித்து அலமாரிக்குள் வைத்தான். பல் தேய்த்தான். எடை பார்க்கும் பலகையில் ஏறி நின்றான். தொண்ணூற்றொரு கிலோ. ஆறு முட்டைகளை வேகவைத்து, நின்றபடியே ஐந்தைத் தின்றான். ஆறாவது இறங்கவில்லை.

பிறகு முட்டை ஓடுகளை ஒரு தட்டில் பரப்பி, உணவுக் குச்சிகளை வலது கையில் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கிண்ணத்தில் போட முயன்றான். முதல் துண்டு வந்தது. இரண்டாவது பாதி வழியில் விழுந்தது. மூன்றாவதைக் குச்சி தொட்டதா இல்லையா என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. இடது கைக்கு மாற்றிப் பார்த்தான். அதற்கு அந்த வித்தையே தெரியவில்லை.

அன்று பகலில் அவன் மனைவி சிஹோவை எரிக்கப் போகிறார்கள். எரித்த பிறகு எலும்பெடுக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரே எலும்பை இருவர் குச்சியாலும் பிடித்துத் தூக்கிக் கலயத்தில் இட வேண்டும். முதலில் எடுக்க வேண்டியவன் கணவன். கடைசி எலும்பையும் அவன்தான் எடுக்க வேண்டும். கீழே போடக் கூடாது.

அவன் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வசந்த காலத்திலிருந்தே மரத்துப் போயிருந்தன. ஒசாகாவில் ஒரு மல்யுத்த ஆட்டம். எதிராளி அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தலைக்கு மேலாக வீசினான். தோளில் விழுந்திருக்க வேண்டியவன் கழுத்தில் விழுந்தான். பார்வையாளர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவன் எழுந்தான், ஆட்டத்தை முடித்தான், ஜெயிக்கவும் செய்தான். உடை மாற்றும் அறையில் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கும்போதுதான் அவை வேறு யாருடைய விரல்களோ போல இருந்தன.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் மேலிருந்து ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டு வந்து, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்தினார். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் போவது விரலோடு நிற்காது என்றார். ரியோஹெய் நன்றி சொல்லிவிட்டு வந்தான். அவனை ஆடவைக்கும் மல்யுத்தக் கம்பெனியில் சொல்லவில்லை. சிஹோவிடம் தசைப்பிடிப்பு என்றான். கோடையில் ஜூனியர் ஹெவிவெயிட் லீக்கில் முதலாவதாக வந்தான். அடுத்த மாதம் பட்டத்துக்கான ஆட்டம். கல்லூரியில் படித்துக்கொண்டே மல்யுத்தம் செய்த நாளிலிருந்து, நூறு கிலோவைத் தாண்ட முடியாத ஆட்களுக்கென்று இருக்கும் அந்தப் பட்டத்தின் பெல்ட் ஒன்றைத்தான் அவன் வேண்டுமென்று நினைத்திருந்தான். எட்டு வருடத்தில் இப்போதுதான் முறை வந்திருக்கிறது.

மூன்று நாளைக்கு முன்னால் சிஹோ பள்ளிக்கூடச் சமையலறையில், பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவள் அங்கே உணவு நிபுணர். தகவல் வந்தபோது ரியோஹெய் பயிற்சிக்கூடத்தில் தலையைத் தரையில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்துக் கழுத்தைப் பலப்படுத்திக்கொண்டிருந்தான்.

கிண்ணத்தில் நான்கு துண்டுகள் சேர்ந்திருந்தன. கார் வந்துவிட்டது.

தகன மையத்தில் சவப்பெட்டி உலைக்குள் போன பிறகு எல்லோரையும் மேலே ஓர் அறைக்கு அனுப்பினார்கள். சிஹோவின் அப்பா, அம்மா, தம்பி. ரியோஹெய்க்குப் பெற்றோர் இல்லாததால் அவன் பக்கத்து ஆளாக இனோமாத்தா வந்திருந்தார். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர். இப்போது யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்பவர். அவர் ஒப்புக்கொண்டுதான் பட்ட ஆட்டம் அமைந்தது. இடுப்பு போய்விட்டதால் தரையில் உட்கார முடியாமல், சுவர் ஓரத்து நாற்காலியில் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுப் பெட்டிகளும் தேநீரும் வந்தன. ரியோஹெய் குச்சிகளைத் தொடவில்லை. பெட்டியிலிருந்த சோற்று உருண்டையைக் கையால் எடுத்துக் கடித்தான்.

"என்னடா, கையால திங்கற? மெக்சிகோல ஒரு வருஷம் ஆடிட்டு வந்த பழக்கம் இன்னும் போகலயா?" என்றார் இனோமாத்தா.

சிஹோவின் தம்பி சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். ரியோஹெய்யும் சிரிப்பதுபோல ஏதோ செய்தான். கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். இனோமாத்தாவின் கண் அந்தக் கையோடு கீழே போனதா, இல்லை அவனுக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. அந்த மனிதர் நாற்பது வருடமாக உடம்புகளைப் பார்த்துப் பிழைப்பவர். ஒருவன் மாடிப்படி ஏறுவதை வைத்தே எந்த முட்டி கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

மாமனார் மிஸுகுசி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். மகள் ஒரு மல்யுத்தக்காரனைக் கட்டிக்கொண்டதை அவர் எதிர்க்கவுமில்லை, ஏற்கவுமில்லை. ஆட்டத்துக்கு வந்தால் மருமகன் காற்றில் பறக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

"அடுத்த மாசம் ஆட்டமாமே" என்றார்.

"ஆமாப்பா."

"சிஹோ டிக்கெட் அனுப்பியிருந்தா. முன் வரிசை." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்கருந்து பாத்தா கண்ண மூடிக்க முடியாதேன்னு இவகிட்டச் சொல்லிட்டிருந்தேன்" என்று மனைவி பக்கம் தலையை ஆட்டினார்.

இனோமாத்தா தொண்டையைச் செருமினார். ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். வேண்டாம் என்றான் ரியோஹெய். பதில் ரொம்ப வேகமாக வந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

மேசைக்கு அடியில் அவன் கட்டைவிரலை நகத்தால் அழுத்திப் பார்த்தான். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினான்.

ஒலிபெருக்கியில் ரியோஹெய்யின் குடும்பப் பெயரைச் சொல்லி, தொகாஷி குடும்பத்தாரை அழைத்தார்கள்.

கீழ் அறையில் வெப்பம் இன்னும் அடங்கவில்லை. இரும்புத் தட்டில் சிஹோ வெள்ளையாக, சிறிதாக இருந்தாள். வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் குனிந்து வணங்கி, காலிலிருந்து தொடங்கச் சொன்னார். அப்போதுதான் இறந்தவர்கள் கலயத்துக்குள் நிமிர்ந்து நிற்பார்களாம். நீளக் குச்சிகளைக் கொடுத்தார். ரியோஹெய் அவற்றை உள்ளங்கைக்குள் கொடுத்து, மற்ற இரண்டு விரல்களாலும் அமுக்கிப் பிடித்தான்.

எதிரே மாமனார். அவருடைய கை வயதினால் நடுங்கியது. இருவருமாக ஒரு பாத எலும்பைப் பிடித்தார்கள். அது அவர்கள் நடுவில் ஆடிக்கொண்டே வந்தது. ரியோஹெய் மூச்சு விடவில்லை. கலயத்தின் வாய் வரை வந்து, உள்ளே விழுந்தது. காய்ந்த ஓசை.

மற்றவர்களும் ஜோடி ஜோடியாக எடுத்தார்கள். இனோமாத்தா சிஹோவின் தம்பியோடு நின்று எடுத்தார். அவ்வளவு பெரிய கையால் அவ்வளவு மெதுவாக. ரியோஹெய் பின்னால் போய் நின்றான். தப்பிவிட்டோம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகக் காது சூடாயிற்று.

ஊழியர் தனியாக எடுத்து வைத்திருந்த ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். இதைத் தொண்டை புத்தர் என்பார்கள் என்றார். உட்கார்ந்து கும்பிடுகிற மாதிரி இருக்கிறது பாருங்கள், இவ்வளவு முழுசாகக் கிடைப்பது அபூர்வம், சின்ன வயசு அல்லவா என்றார். "தொண்டைனு பேரே தவிர, உண்மையில இது கழுத்தோட ரெண்டாவது எலும்பு."

ரியோஹெய்க்கு அது தெரியும். டாக்டரின் பேனா அதன்மேல் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கியது.

அவனும் மாமனாரும் குச்சிகளை நீட்டினார்கள். தூக்கினார்கள். ஒரு கணம் அது காற்றில் இருந்தது. பிறகு அவன் பக்கத்துக் குச்சி திரும்பிக்கொண்டது. அது திரும்புவதைப் பார்த்தான். விரல்களுக்குச் செய்தி போகவில்லை.

எலும்பு தட்டில் விழுந்தது. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு உடைந்து தனியே போயிற்று.

மாமியார்தான் முதலில் பேசினார். "பரவால்ல, பரவால்ல. துக்கத்துல கை நடுங்காம என்ன செய்யும். நீங்க குச்சியத் தம்பிகிட்டக் கொடுங்க, ரியோஹெய் சான்."

வழி திறந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு குச்சியைக் கொடுத்தால் போதும். மனைவியை இழந்தவனின் கையை யாரும் சோதிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் அவன் அரங்கத்து விளக்குகளுக்குக் கீழே நடந்து போகலாம். தம்பி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"நடுங்கலம்மா" என்றான் ரியோஹெய். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "விரல் மரத்துப் போச்சு. வசந்தத்துலேர்ந்தே. என்னால எதையும் பிடிக்க முடியல."

அதை அவன் மாமியாரைப் பார்த்துச் சொன்னான். கேட்க வேண்டியவர் பின்னால் நின்றிருந்தார்.

இனோமாத்தா நடந்து வருவது கேட்டது. ஒரு கால் இழுபட்டது. அவர் அவன் பக்கத்தில் நின்று, அவன் வலது கைமேல் தன் கையைப் பொதித்தார். மரத்த விரல்களை ஒவ்வொன்றாகக் குச்சியின் மேல் மடித்து, மேலே தன் விரல்களை வைத்து அழுத்தினார். எவ்வளவு அழுத்த வேண்டியிருந்தது என்பதிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

"எதிர்ல நிக்கற அப்பாவப் பாரு, கையப் பாக்காத. ம், தூக்கு."

மூன்று பேருமாக அதைக் கலயத்தில் வைத்தார்கள். உடைந்த துண்டை ஊழியர் சின்னத் துடைப்பத்தால் கூட்டி எடுத்து மேலே தூவினார்.

வாசலில் கார் வரும்வரை இனோமாத்தா சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று ரியோஹெய் நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"இந்த மாதிரிக் கையோட லீக்க ஜெயிச்சிருக்க. முட்டாப்பய" என்றார். பிறகு, "ஆட்டம் கெடையாது. புரியுதா?"

"புரியுதுண்ணே."

"சிஹோவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கார் வந்து நின்றதும் இனோமாத்தா சிகரெட்டைப் பைக்குள் போட்டார். காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கலயத்தை வெள்ளைத் துணியில் சுற்றி அவன் மடியில் வைத்திருந்தார்கள். அடியில் இன்னும் சூடு இருந்தது. இடது கையால் அணைத்துக்கொண்டான். மாமனார் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாலத்தின் மேல் நெரிசலில் கார் நின்றது. மாமியார் துணியின் முடிச்சைத் தொட்டுச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"கேக்கலாமானு தெரியல" என்றார். "அன்னிக்குக் காலைல கெளம்பும்போது ஏதாவது சொன்னாளா? எதுவானாலும் சரி."

அவன் யோசித்தான். தாய்க்குச் சொல்லும்படியாக அதில் ஒன்றுமில்லை. அவள் வாசலில் ஷூவைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். எதற்கு என்று கேட்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. பிறகு அவன் அதை நினைத்துப் பார்க்கவேயில்லை.

"சொன்னா" என்றான். முன்னால் மாமனாரின் தலை லேசாகத் திரும்பியது.

"'உனக்காக ஜாடி மூடியெல்லாம் லேசாத்தான் மூடியிருக்கேன். எடுக்கும்போது அடியில பிடிச்சு எடு.'"