கேட்டை மறித்த கார்

டிரைவர் சாவியைத் திருப்பியதும் காரில் பாட்டு அலறி வீடே அதிர்ந்தது. கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. அவள் ஓடிப்போய் அலமாரிக் கதவை அழுத்திப் பிடித்தாள்.

"செத்தும் நிம்மதி தரமாட்டாரு மனுஷன்."

கார்களுக்கு சப்வூஃபர் என்ற தடித்த ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி பொருத்துவது அவள் கணவரின் தொழில். வீட்டு வாசல்தான் பட்டறை. தெருவில் அவருக்குப் பெயர் 'பூகம்பம்'. நேற்று இந்தக் காரைச் சோதிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவரும் வேன் உள்ளே வரவேண்டும். கார் கேட்டை அடைத்து நிற்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. அது வந்துவிட்டால் ஆடியே தீரும்; டம்ளருக்கு ஒன்று, ஜன்னலுக்கு வேறொன்று. அவர் காருக்குள் ஒலியின் சுருதியை மெல்ல மெல்லத் தாழ்த்தியபடி, "இப்ப எது ஆடுது?" என்று கத்துவார். இவள் அடுப்படியிலிருந்து பதில் கத்துவாள்.

வெளியே வந்தாள். டிரைவர் பதறிப்போய் பாட்டை அணைத்திருந்தான்.

"மானமே போகுது. வண்டிய எடுய்யா," என்றான் கொழுந்தன்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பின்னாடி ஒரு கரகர. நேத்து பூரா அண்ணன் தேடினாரு, கிடைக்கல..."

"சாவு வீட்டுல பேசற பேச்சாய்யா இது?"

"திரும்பப் போடுங்க," என்றாள் அவள்.

"அண்ணி!"

"சும்மா இருங்க தம்பி. சோத்தைக்கூட விட்டுட்டு இதைத்தான் தேடிட்டுக் கிடந்தாரு."

பாட்டு அதிர, கதவு, கண்ணாடி, டிக்கி என்று ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தாள். நம்பர் பிளேட்டில் கை பட்டதும் கரகரப்பு நின்றது. அதில் ஒரு திருகாணி இல்லை.

"பெட்டிக்குள்ளேயே தலைய விட்டுட்டுக் கிடந்தா எப்படித் தெரியும்?" என்று திட்டினாள். டிரைவர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று விழித்தான்.

டம்ளர்கள் உரசாமலிருக்க நடுவே வைப்பதைப் போலவே ஒரு துணியை மடித்து பிளேட்டுக்குப் பின்னால் செருகினாள்.

"அணைக்காதீங்க. பாட்டோடயே தெருமுனை வரைக்கும் போங்க. கரகரன்னா திரும்பி வாங்க."

அவர் செய்வது அப்படித்தான். கேட்டில் கை வைத்து, அதிர்வு அடங்கும்வரை நின்றுகொள்வார். இவளும் கை வைத்தாள். மெல்லிய ஒலியைச் சுவர்கள் தடுத்துவிடும். தடித்த ஒலி எல்லாவற்றையும் தாண்டி நெடுந்தூரம் வரும்.

கார் முனை திரும்பியது. வேன் வந்து நின்றது.

"அண்ணி, கையை எடுங்க. கேட்டைத் திறக்கணும்."

"இருங்க தம்பி. இன்னும் அதிருது."

கொழுந்தனும் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அது எப்போதோ அடங்கியிருந்தது.