நான்காவது கிளி

அக்குளுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, பிரகதாம்பாள் தன் அப்பாவைக் கட்டிலிலிருந்து இழுத்தாள். மூச்சு நின்றுவிட்டது. மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் படவில்லை. பூவம்மாள் அத்தை கொல்லையில் இருந்தாள். அவள் வருவதற்குள் அப்பா தரையில் செத்தவராக வேண்டும்.

கட்டிலில் உயிர் போனால் கட்டிலும் பாடையோடு சுடுகாட்டுக்குப் போய்விடும், அது வெட்டியானுக்கு. அதனால்தான் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களை முன்கூட்டியே பாயில் இறக்கிவிடுவார்கள். அப்பா மூன்று நாளாக இறங்க மறுத்துவிட்டார். நில உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போய், மீதியில் குத்தகைக்காரர்கள் செங்கொடி நட்ட பிறகு, ரெங்கசாமி மிராசுதாருக்கு மிராசு என்று மிஞ்சியது இந்தக் கட்டில்தான். தோதகத்தி என்கிற ஈட்டி மரம், தந்த இழைப்பு, நான்கு கால் உச்சியிலும் ஒரு தந்தக் கிளி.

இதற்கு ஒரு ஜோடி இருந்தது. சித்தப்பா விற்றார். மெட்ராஸ் ஏலத்தில் எந்த மரச்சாமானும் அதுவரை போகாத விலைக்குப் போனது. இரண்டே வருஷத்தில் பம்பாயில் மறுபடி ஏலம். அதே கட்டில் தன் விலையைத் தானே முறியடித்தது. பேப்பரில் படம் பார்த்த அத்தை, தூக்கத்தையும் சேர்த்துத் தருகிறானா என்று கேட்டாள்.

அப்பாவுக்குப் பின் வீடு அண்ணனுக்கு. விற்கப் போவதாக இப்போதே சொல்லிவிட்டான். தாலியறுத்து வந்து பதினாறு வருஷமான பிரகதாம்பாளுக்குக் கட்டில். அதுவும் போனால் எங்கே போய் நிற்பது? 

காலையில்தான் தரகர் அஹமது கபீர் வந்து கிளிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "நாலும் இருக்கணும் தங்கச்சி. ஒண்ணு கொறஞ்சாலும் பாதி வெலதான்." அதற்குள் அப்பாவை இறக்கிவிடுவதாக இவள் சொல்ல, சாயங்காலம் லாரியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

பாதி உடம்பு வந்ததும் ஏதோ பிடித்து நிறுத்தியது. வேட்டி சிக்கியிருக்கும் என்று காலை ஊன்றி வெடுக்கென்று இழுத்தாள். 'டக்'கென்று ஒரு சத்தம். மொத்த உடம்பும் அவள் மடியில் வந்து விழுந்தது. பாயில் கிடத்தி, தெற்கே தலை திருப்பி, வாயில் தண்ணீர் விட்டாள். கடைவாயில் வழிந்தது. அப்புறம்தான் கத்தினாள்.

அத்தை ஓடி வந்தாள். "எறக்கின பொறவுதானே போச்சு?"

"ஆமா அத்தை."

ஊரும் அதையே சொல்லி, அப்பாவைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, கட்டிலை வெட்டியானுக்கு விடாமல் விற்க ஒப்புக்கொண்டது. கபீர் லாரியோடு வந்தவர் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். பிறகு உள்ளே போய்த் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் குனிந்தார். "மூணு கிளிதான் இருக்கு தங்கச்சி. காலைல எண்ணினேனே. ஒடிஞ்ச துண்டு கெடச்சாப் போதும், ஒட்ட வச்சிடலாம்."

பிரகதாம்பாள் அப்பாவின் வலது கையைப் பார்த்தாள். இறுக மூடிய விரல்களுக்கு இடையில் வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

இழுக்கத் தொடங்கும்போது அந்தக் கை வயிற்றின் மேல் விரிந்துதான் கிடந்தது. செத்த கை எதையும் எட்டிப் பிடிக்காது. பொய் என்று நினைத்து அத்தையிடம் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கிறது. 

கால் கட்டைவிரல்களைக் கட்ட வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்த அத்தையும் அதைப் பார்த்துவிட்டாள். கதவு வழியே தெரிந்த கட்டிலின் ஒடிந்த முனையைப் பார்த்தாள். அப்புறம் இவளை.

"எடுத்துடவா?"

பிரகதாம்பாள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

அத்தை இன்னொரு துண்டு கிழித்து, அந்த மூடிய கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். உள்ளே கபீர் கட்டிலுக்கடியில் படுத்துத் தரையைக் கையால் துழாவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.