பதினோராம் அணைமேல் ஒரு கக்கூஸ்

ஆமை ஓடை வெள்ளத் தடுப்புச் சங்கத்தில் மொத்தம் பதினாலு மண் அணைகள். ஒன்றிலும் ஒரு மரம் கிடையாது. அதற்குக் காரணம் சங்கத் தலைவர் வெர்னன் ஹக்கபி. மண் அணையில் மரம் முளைத்தால் வேர் உள்ளே இறங்கும், மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், மக்கிய வேர் விட்ட துளை வழியாகத் தண்ணீர் கிளம்பும், அப்புறம் அணை இருக்காது. ஒக்லஹோமாவின் அந்த மூலையில் இதை அவர் சொல்லாத இடமில்லை. தேவாலய வாசலிலும் தீவனக் கடையிலும் சொன்னதோடு, ஒரு சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

சொன்னதோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. அணையின் அடிவாரத்திலிருந்து பதினைந்து அடிக்குள் மரம் ஆகாது என்பது விதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளெட்டஸ் பிரூயிட்டின் நிலத்தில் இருந்த பேரிக்காய் மரத்தை வெர்னன் டேப் வைத்து அளந்தார். பதினாலு அடி வந்தது. காய்த்துத் தொங்கிய மரத்தை அன்றைக்கே வெட்ட வைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதரின் சொந்த நிலத்தில், பதினோராம் எண் அணையின் முகட்டில், மூன்று வயதுப் பீச் மரம் ஒன்று ஜம்மென்று நின்றது. ஊருக்குத்தான் உபதேசம்.

நட்டது அவர் மனைவி ஒலீட்டா. அணையெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு மே மாத வெள்ளத்தில் இந்த ஓடை அவளுடைய அம்மா வீட்டை அடித்துக்கொண்டு போயிருந்தது. கோழிக்கூண்டு, தையல் மெஷின், சமையலறைச் சுவர் எல்லாம் போய், கொல்லையில் நின்ற பீச் மரம் மட்டும் மிஞ்சியது. அதுவும் வயதாகிப் பட்டுப்போன வருஷம், கடைசிப் பழத்தின் கொட்டையை எடுத்து வந்து அணை முகட்டில் புதைத்துவிட்டாள். நூற்றறுபது ஏக்கர் இருக்க அங்கேதானா இடம் கிடைத்தது என்று வெர்னன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓடை அதத் தெனமும் பாக்கணும்," என்றாள் ஒலீட்டா. "எட்ட முடியாமப் பாத்துட்டே கெடக்கணும்."

"ஓடைக்குக் கண்ணா இருக்கு?"

"எங்க அம்மா வீடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுதுல்ல?"

வெர்னனுக்குக் கன்றைப் பிடுங்க மனமில்லை. ஆகவே மறைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு மார்ச் மாதமும் அரசாங்கத்து ஆள் அணைகளைப் பார்வையிட வருவார். முதல் வருஷம் கன்றின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தார். அடுத்த வருஷம் டீசல் பீப்பாய். மூன்றாம் வருஷம் மரம் அவரைவிட உயரமாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவருக்குச் சோறு போதவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் பழைய மரக் கக்கூஸ் ஒன்று கிடந்தது. வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு யாரும் சீந்தாதது. பார்வையிட வரும் நாளுக்கு முந்தின நாள், வெர்னன் கிளைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். கக்கூஸை டிராக்டரால் தூக்கி, இருக்கையின் ஓட்டை வழியாக மரம் மேலே வரும்படி மெல்ல இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் தன் சாமர்த்தியத்தை ரசித்தார். அப்புறம் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மாட்டிக்கொண்டால் பதவி போவது ஒருபுறம் இருக்கட்டும், மரத்தைத் தன் கையாலேயே வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு ஒலீட்டாவின் முகத்தைப் பார்க்க அவரால் ஆகாது.

யார் அணையோ அவர் வீட்டில் சாப்பாடு, அதன் பிறகுதான் அணையில் நடை என்பது சங்கத்து வழக்கம். சாப்பாடு கனமாக இருந்தால் வருகிறவர்கள் சோம்பி, முகடு வரை ஏற மாட்டார்கள் என்று ஒலீட்டா கணக்குப் போட்டாள். பன்றி எலும்பு போட்ட பீன்ஸ் ஒரு அண்டா, சோள ரொட்டி, இனிப்புக்கு ஆப்பிள் பை. அரசாங்கத்து ஆளான லேத்ரப் பையன் மாதிரி இருந்தான், பட்சியைப் போலக் கொறித்தான். சங்க உறுப்பினராக வந்திருந்த கிளெட்டஸ் மூன்று கிண்ணம் பீன்ஸ் சாப்பிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

இருவரும் முகடு வரை ஏறினார்கள். பின்னால் வெர்னன்.

"மிஸ்டர் ஹக்கபி, இது என்ன?" என்றான் லேத்ரப்.

"கக்கூஸ்."

"அது தெரியுதுங்க. அணை மேல எதுக்கு?"

"மீன் பிடிக்க வர்றவங்களுக்கு. குடும்பமா வர்றாங்க."

லேத்ரப் தன் படிவத்தைப் புரட்டினான். மரம், எலி வளை, மாட்டுத் தடம், வேலி என்று கட்டங்கள் இருந்தன. "இதுக்குக் கட்டமே இல்லையே," என்றான்.

"கட்டம் இல்லன்னா குத்தமும் இல்ல."

கிளெட்டஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வெர்னன், ஆயுசுல மொத தடவையா ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்க," என்று கதவை நோக்கி நடந்தார்.

"நில்லு கிளெட்டஸ். உள்ள குளவி இருக்கு."

"மார்ச்லயா?"

"இந்த வருஷம் சீக்கிரமா எழுந்திருச்சிருச்சு."

"எனக்கு இருக்கிற அவசரத்துக்குக் குளவிதான் ஒதுங்கணும்."

கதவு திறந்தது, மூடியது. வெர்னன் வேலிக் கம்பங்களை எண்ணத் தொடங்கினார். ஏழாவது கம்பத்தில் கதவு திரும்பவும் திறந்தது. கிளெட்டஸ் வெளியே வந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, வெர்னனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு நிமிஷம் போகணும்," என்றான் லேத்ரப்.

"முடியாது தம்பி. உள்ள ஆள் இருக்கு."

"நீங்க இப்பத்தானே உள்ளேருந்து வந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன். ஒலீட்டாவோட அம்மா வீட்டு வழிச் சொந்தம். ரொம்பக் கூச்சம். கையக் கட்டிக்கிட்டு நிக்கிது."

லேத்ரப்பின் காது சிவந்தது. மரம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓட்டமும் நடையுமாகக் காருக்குப் போனான். கிளெட்டஸ் அதைவிட வேகமாக வேலிக்கு அப்பால் இருந்த தேவதாரு மறைவுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. கையில், டிராக்டரில் கிடந்த மண்வெட்டி.

"ஒலீட்டா அம்மா வீட்டுப் பழத்த நான் சின்ன வயசுல திருடித் தின்னிருக்கேன்," என்றார். "எலையப் பாக்காமலே பூ மணத்துல தெரிஞ்சிருச்சு."

"கிளெட்டஸ், உன் பேரிக்கா மரம்... ஒரு அடிதான். நான் விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கக் கூடாது. நீ சொன்னது நியாயம்னுதான் வெட்டினேன். இந்த அணை போனா மொதல்ல மெதக்கிறது என் வீடு. நீதான தலைவர், நீ பாத்துக்குவன்னு மூணு வருஷமா நிம்மதியாத் தூங்கியிருக்கேன். முகட்டுல கெடந்த வாளியும் பீப்பாயும் இதுக்குத்தானா?"

வெர்னனுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. நல்ல மனிதர் என்ற நினைப்பிலேயே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம் என்று கூசினார்.

"காயிதத்துல மரம் இல்லன்னு எழுதிட்டான்," என்றார் கிளெட்டஸ். "இருட்டறதுக்குள்ள அத உண்மையாக்கு. தோண்டு."

டிராக்டர் கக்கூஸை நகர்த்தி வைத்தது. கிளெட்டஸ் அதற்குள் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். வெர்னன் வேரும் மண்ணுமாக மரத்தை எடுத்தார். குழியில் களிமண்ணைப் போட்டு, அடுக்கடுக்காக மிதித்தார். "அந்த மூலை," என்றார் கிளெட்டஸ். வெர்னன் மிதித்தார். "இன்னொரு தடவ." மறுபடியும் மிதித்தார்.

ஒலீட்டா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். எடுத்துக் கிடத்தியிருந்த மரத்தைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"வேற எங்க வெச்சாலும் ஓடைக்குத் தெரியாது," என்றாள்.

கிளெட்டஸ் எழுந்து வந்து, அணையின் கீழ்ப்புறத்தைக் காட்டினார். அங்கே குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "மேல எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அது ரெண்டடிக் குழாய்க்குள்ள குனிஞ்சு நொழஞ்சு இந்தப் பக்கம்தான் வரணும் ஒலீட்டா. அங்க வெச்சா, தெனமும் இதுக்கு முன்னால தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகும்."

ஒலீட்டா சரிவில் இறங்கிப் போய்க் குழாய் வாயைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி," என்றாள்.

வெர்னன் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். கிளெட்டஸ் அதைப் பிடுங்கிக்கொண்டார். அடிவாரத்தில் ஒரு முனையை ஒலீட்டாவிடம் கொடுத்து, தானே இழுத்துக்கொண்டு போனார். பதினைந்தாம் அடியில் நின்றார். வெர்னனைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஓர் அடி தள்ளிப் போய் மண்வெட்டியை ஊன்றினார்.

"இது என் பேரிக்கா மரத்தோட அடி," என்றார்.

வெர்னன் மண்வெட்டியை எடுத்து அந்த இடத்தில் குழி வெட்டத் தொடங்கினார்.